அழகரும் சொக்கரும் ஏறும் ஆனை: ஆறடிப் பிள்ளைப் பாட்டும் அதற்குள் இருக்கும் மதுரைக் கதையும்

மடியில் பிள்ளையை வைத்து ஆட்டிக்கொண்டே பாடுகிற பாட்டு இது. மொத்தம் ஆறே அடிகள்.

ஆனை ஆனை அழகர் ஆனை
அழகரும் சொக்கரும் ஏறும் ஆனை
கட்டிக் கரும்பை முறிக்கும் ஆனை
காவேரித் தண்ணிய கலக்கும் ஆனை
குட்டி ஆனைக்குக் கொம்பு முளைச்சுதாம்
பட்டணம் எல்லாம் பறந்தோடிப் போச்சாம்

தமிழ்நாடு முழுக்கப் பாடுகிறார்கள். ஆனால் இரண்டாம் அடியில் வரும் இரண்டு பெயர்களும் மதுரைக்காரர்களுடையவை. அழகர், அழகர்கோயிலில் இருக்கும் கள்ளழகர். சொக்கர், மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் சொக்கநாதர். மூன்றாம் அடியில் கரும்பை முறிக்கிற ஆனைக்கும் மதுரையில் ஒரு கதை இருக்கிறது. சிரிக்காமல் சொல்ல முடியாத கதை அது.

பிள்ளைப் பாட்டுக்கு ‘பின்கதை’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டை எழுதியவர் என்று ஒருவர் கிடையாது. பாட்டி வாயிலிருந்து அம்மா வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். கதை வேறொரு தடத்தில் வருகிறது. அதைப் புராணம் சொல்லியிருக்கும், கோயில் திருவிழாவில் நடித்துக் காட்டியிருப்பார்கள், திண்ணையில் பேசியிருப்பார்கள். பாட்டில் ஒரு பெயரோ ஒரு பொருளோ கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கேட்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையை அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். அதனால் ‘இந்தக் கதையிலிருந்துதான் இந்தப் பாட்டு பிறந்தது’ என்று அடித்துச் சொல்வது தப்பு. ‘இந்தப் பாட்டைக் கேட்டதும் மதுரைக்காரருக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்’ என்பதே சரியான பேச்சு.

கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டு அங்கே பொதுவான ஒரு சொல்லைப் போட்டுப் பாடிப் பாருங்கள். ‘அழகரும் சொக்கரும்’ என்ற இடத்தில் ‘அண்ணனும் தம்பியும்’ என்று போட்டால் பாட்டு ஓடும், விளையாட்டும் நடக்கும், ஆனால் ஊர் காணாமல் போய்விடும். அப்படியென்றால் அதுதான் கொக்கி. ‘காவேரி’யை எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. மதுரைப் பாட்டில் வைகை இல்லாமல் காவேரி எதற்கு என்று பலரும் கேட்பார்கள். காரணம் ஓசை. ‘காவேரித் தண்ணிய கலக்கும்’ என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் ‘கா’, ‘க’ என்று மோனையில் பிடித்துக்கொள்கின்றன. வைகையை அங்கே வைத்தால் ‘கலக்கும்’ நிற்காது. ‘வைகைத் தண்ணிய மறிக்கும் ஆனை’ என்று வினையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிள்ளைப் பாட்டில் ஊர்ப்பற்றைவிட ஓசைக்குத்தான் முதல் மரியாதை. காவேரி என்ற சொல்லை வைத்துச் சோழன் படையெடுப்பு என்றெல்லாம் கதை கட்டத் தேவையில்லை.

இந்த மோனையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ‘குட்டி’க்குக் ‘கொம்பு’, ‘பட்டணம்’ என்றால் ‘பறந்தோடி’. கடைசி மூன்று அடிகளிலும் முதல் சீரும் மூன்றாம் சீரும்தான் ஜோடி. இதற்குப் பொழிப்பு மோனை என்று பெயர். அடி எங்கே கனக்கிறது என்பதை இது சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பிள்ளையை ஆட்டும்போது முதல் சீரில் ஒரு பக்கம், மூன்றாம் சீரில் மறுபக்கம் சாய்த்தால் ஆனை நடை தானாக வந்துவிடும். நாலு சீருக்கும் நாலு தடவை ஆட்டினால் அது ஆனை நடையாக இருக்காது, ஜட்கா வண்டி மாதிரி குலுங்கும். இன்னொன்று, ‘யானை’ என்று எழுத்துத் தமிழில் பாடுவதைவிட ‘ஆனை’ என்று பாடுவது நல்லது. ஆனை, அழகர் என்று ஆவும் அவும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் முதல் அடிக்கு இழுவை கிடைக்கிறது.

இனி இரண்டாம் அடி. மதுரைக்காரர்களுக்கு இது ஏன் சிரிப்பு மூட்டும் என்று வெளியூர்க்காரருக்குச் சொன்னால்தான் புரியும். சித்திரைத் திருவிழாவில் பத்தாம் நாள் மீனாட்சிக்கும் சொக்கருக்கும் கல்யாணம். மறுநாள் தேர். அதற்கு மறுநாள், சித்ரா பௌர்ணமி விடியலில், கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். ஊர்ப்பேச்சு இப்படிப் போகும்: அழகர் மீனாட்சிக்கு அண்ணன். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு கிளம்பியவர், வழியெல்லாம் மண்டகப்படிக்கு, அதாவது சாமியை நிறுத்திப் பூசை செய்யும் மண்டபங்களில், நின்று நின்று வந்ததில் நேரம் போய்விட்டது. ஆற்றுக்கு வந்து சேரும்போது ‘தாலி கட்டி முடிஞ்சு போச்சு’ என்று சேதி. என்னை விட்டுவிட்டு எப்படி நடத்தலாம் என்று கோவித்துக்கொண்டு, தென்கரைக்கு வராமல், தங்கச்சியைப் பார்க்காமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கல்யாண வீட்டில் கோவித்துக்கொண்டு சாப்பிடாமல் போகும் தாய்மாமனைப் பார்த்த எவருக்கும் இந்தக் கதை புதிதாகத் தெரியாது. தெய்வத்தையும் அப்படி ஒரு சொந்தக்காரராக ஆக்கி வைத்திருக்கிறது ஊர்.

கோயில் வழக்கில் கணக்கு வேறு. சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். முன்பு தேனூரில் நடந்த அந்த விழாவையும் மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர், ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை. இரண்டு விழா பக்கம் பக்கமாக வந்ததும், ஏன் இவர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் கழித்து வருகிறார் என்ற கேள்வி எழும். அதற்குக் கோபக்கார அண்ணன் கதை பதிலாக உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பது திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆகவே அண்ணன் ஸ்தானத்தில் ஆள் இல்லாமல் கல்யாணம் நடக்கவில்லை. இந்த இரண்டு கணக்கையும் ஊர் ஒன்றோடொன்று மோதவிடுவதே இல்லை. இரண்டையும் சொல்லும், இரண்டுக்கும் கூட்டமாகப் போகும்.

ஆற்றில் அழகர் ஏறி வருவது குதிரை. கல்யாணத்தன்று இரவு சொக்கர் வீதியுலா வருவது யானை வாகனத்தில், அம்மன் பூப்பல்லக்கில். திருவிழாவில் இவர்கள் இருவரும் ஒரே வாகனத்தில் ஏறுவதும் இல்லை, நேருக்கு நேர் சந்திப்பதும் இல்லை. பாட்டு மட்டும் மச்சானையும் மச்சினனையும் ஒரே ஆனை மேல் ஏற்றிவிடுகிறது. பெரியவர்கள் கதையில் தீராத மனத்தாங்கல் பிள்ளை மடியில் நாலு சீரில் தீர்ந்துபோகிறது. இந்தப் பாட்டில் மிக அழகான அடி இதுதான்.

மூன்றாம் அடிக்கு வருவோம். ஆனை கரும்பை எப்படி முறிக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தும்பிக்கையால் நடுவில் சுருட்டிப் பிடித்து, ஒரு முனையை முன்காலின் கீழே வைத்து அழுத்தி இழுக்கும். ‘படக்’கென்று ஒரு சத்தம். தோகையைத் தட்டி உதறிவிட்டு, துண்டை வாய்க்குள் தள்ளும். கடைவாயில் அரைபடும்போது சாறு உதட்டோரம் வழியும். மதுரையில் இந்தக் காட்சியைச் சொன்னால் உயிருள்ள ஆனையைவிடக் கல்லானைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்கள். அதில் 21ஆவது, கல்லானைக்குக் கரும்பு அருத்திய படலம். கதை இப்படி. மதுரைத் தெருவில் ஒரு சித்தர் வந்து வித்தை காட்டுகிறார். கிழவரைக் குமரராக்குகிறார், இரும்பைப் பொன்னாக்குகிறார், ஊரே வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் திரிகிறது. அபிடேக பாண்டியன் ஆளனுப்பிக் கூப்பிடுகிறான். ‘அரசனால் எனக்கு ஆகவேண்டியது என்ன?’ என்று சித்தர் வரமாட்டேன் என்கிறார். அரசன் கோயிலுக்கு வரும்போது சித்தர் அங்கே இருக்கிறார். அரசன் கையில் ஒரு கரும்பு. சொக்கர் சன்னதியின் இந்திர விமானத்தை எட்டுக் கல்லானைகள் தாங்கி நிற்கின்றன. அதில் ஒன்றைக் காட்டி, ‘எல்லாம் வல்லவர் என்றால் இதை இந்தக் கரும்பைத் தின்னச் செய்யுங்கள், பார்ப்போம்’ என்கிறான்.

சித்தர் ஆனையைக் கடைக்கண்ணால் பார்க்கிறார். கல் கண்ணைத் திறக்கிறது, பிளிறுகிறது, அரசன் கையிலிருந்த கரும்பைப் பறித்துச் சாறு ஒழுக மென்று தின்கிறது. சோதனை வைத்தவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதோடு நின்றால் அது ஒரு அதிசயக் கதை. சித்தர் இன்னொரு தடவை பார்க்கிறார். ஆனை தும்பிக்கையை நீட்டி அரசன் கழுத்திலிருந்த முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது! கரும்பு கொடுத்தவன் கழுத்தில் கிடப்பதும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்ட மாதிரி. அரசனின் காவலர்கள் பிரம்பை ஓங்கிக்கொண்டு சித்தர் மேல் பாய்கிறார்கள். சித்தர் ‘நில்லுங்கள்’ என்று ஒரு சொல் சொல்கிறார். ஓங்கிய கை ஓங்கியபடி, எடுத்த கால் எடுத்தபடி, அத்தனை பேரும் சிலையாகிப் போகிறார்கள்.

கதையின் சிரிப்பு அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிலை உயிர் பெற்றுத் தின்கிறது, உயிரோடு இருந்தவர்கள் சிலையாகி நிற்கிறார்கள். நடுவில் கழுத்து வெறுமையாக அரசன். கால் மணி நேரத்துக்கு முன்னால் சோதனை வைத்தவன் இப்போது காலில் விழுகிறான். என்ன வேண்டும் என்று கேட்டால், பிள்ளை வரம் கேட்கிறான். வரம் கிடைக்கிறது. சித்தர் மறுபடி பார்க்க, ஆனை மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லாகிறது, சித்தர் மறைகிறார். பிறக்கும் பிள்ளை விக்கிரம பாண்டியன்.

கரும்பு தின்ற ஆனையின் கதை பிள்ளை வரத்தில் போய் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். மடியில் இருக்கும் பிள்ளையை ‘கட்டிக் கரும்பே’ என்று கொஞ்சுவதும் நம் வழக்கம். ஆகவே பாட்டில் ஆனை முறிக்கும் கட்டிக் கரும்பு, மடியில் கிடக்கும் அந்தச் சின்னக் கரும்பாகவும் ஆகிவிடுகிறது. மூன்றாம் அடியில் பிள்ளையின் விரலைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது கெக்கெக்கே என்று சிரிப்பதற்கு இந்த அர்த்தம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த பெரியவருக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

இந்தக் கதையைப் புதிதாகச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு குழப்பம் செய்வார்கள். கல்லானையையும் யானைமலையையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒத்தக்கடையில் ஆனை படுத்த மாதிரி கிடக்கிறதே யானைமலை, அதற்குச் சொல்லும் கதை அடுத்த படலம், யானை எய்த படலம். அதில் வரும் ஆனை மதுரையை அழிக்க ஏவப்பட்டது. சொக்கர் அம்பெய்து வீழ்த்தியதும் மலையாகக் கிடக்கிறது. அது பயத்தின் கதை. கரும்பு அங்கே கிடையாது. மலையைக் காட்டிக் கரும்புக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் ‘இவ்வளவு பெரிய ஆனைக்கு ஒரு கரும்பு எப்படிப் பத்தும்?’ என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. கல்லானையைக் காட்ட வேண்டுமென்றால் கோயிலுக்குள் போக வேண்டும். சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் எல்லாம் வல்ல சித்தர் சன்னதி இருக்கிறது. அங்கே நின்றபடி கதையைச் சொல்லலாம். தை மாதம் முதல் தேதி, பொங்கலன்று, கல்லானைக்குக் கரும்பு கொடுத்த லீலையைக் கோயிலில் நடத்துகிறார்கள். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பு தெருத் தெருவாகக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருக்கும் நாள். பிள்ளைக்குக் கதை விளங்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

கடைசி இரண்டடிகள் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம். அங்கே சற்று நிற்க வேண்டும். முதல் நாலு அடிகளில் வினையெல்லாம் ‘ஏறும், முறிக்கும், கலக்கும்’. எப்போதும் நடப்பது. ஐந்தாம் அடியில் திடீரென்று ‘முளைச்சுதாம்’, ‘போச்சாம்’. இந்த ‘ஆம்’ சின்ன ஒட்டுத்தான், ஆனால் வேலை பெரியது. நான் பார்க்கவில்லை, ஊரில் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன் என்று அர்த்தம். பாட்டு கதையாக மாறும் இடம் அதுதான். நாலு அடிக்கு ஆனையை அறிமுகம் செய்துவிட்டு, பிறகு ‘விஷயம் தெரியுமா?’ என்று காதருகே குனிகிற மாதிரி. ‘முளைச்சது’, ‘போச்சு’ என்று திருத்தி அச்சடித்தால் அந்தக் குனிவு போய்விடும். திருத்தக்கூடாத இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கொம்பு என்றால் இங்கே தந்தம். தந்தமுள்ள ஆண் யானையைக் கொம்பன் என்கிறோம். ஆசிய யானையில் பெண்ணுக்கு நீண்ட தந்தம் வராது. ஆண் குட்டிக்கும் தந்தம் வெளியே தெரிய இரண்டு மூன்று வயதாகும். ‘உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?’ என்று கேட்கும் பேச்சும் நம்மிடம் உண்டு. குட்டிக்குக் கொம்பு முளைத்ததும் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்று பாட்டு சொல்லாமல் சொல்கிறது. பிறகு பட்டணம் எல்லாம் பறந்தோடிப் போனது யார்? குட்டி பட்டணம் முழுக்க ஓடியது என்றும் கொள்ளலாம். குட்டியைப் பார்த்துப் பட்டணமே ஓடியது என்றும் கொள்ளலாம். ‘போச்சு’ என்ற வினை இரண்டுக்கும் பொருந்தும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தன்னைக் கண்டு ஊர் ஓடுவது அவர்களுக்குப் பிடித்த விஷயம். முதல் பல் எட்டிப் பார்க்கும் ஆறேழு மாதத்தில் இந்த அடியைப் பாடி ஈறைத் தொட்டுக் காட்டினால் கொம்பு என்ன என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

விளையாட்டாகச் செய்யும்போது அடிக்கு ஒரு செய்கை போதும். முதல் இரண்டடிக்கு ஆனை நடை, மேலே சொன்ன மாதிரி அடிக்கு இரண்டு சாய்ப்பு. மூன்றாம் அடியில் விரலைக் கரும்பாகப் பிடித்து ‘முறிக்கும்’ என்ற இடத்தில் ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. நான்காம் அடியில் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் தண்ணீர் கலக்குவது. ஐந்தாம் அடியில் நம் இரண்டு ஆள்காட்டி விரலையும் வாயோரத்தில் வைத்துக் கொம்பு. ஆறாம் அடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு ஓட்டம். தவறுவது பெரும்பாலும் வேகத்தில். முதல் அடியிலேயே வேகம் பிடித்தால் ஆறாம் அடியில் ஓடுவதற்கு இடமே இருக்காது, சிரிப்பும் வராது. ஆனை நடை மெதுவாக இருக்கட்டும். ‘முளைச்சுதாம்’ முடிந்ததும் ஒரு சீர் நேரம் வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை அந்த இடைவெளியிலேயே காலை உதைக்கத் தொடங்கும். இரண்டு வயதுப் பிள்ளை ‘போச்சாம்’ என்பதைத் தானே சொல்லும். அப்போது நாம் சொல்லக்கூடாது, விட்டுவிட வேண்டும்.

தலை நிற்காத பிள்ளைக்கு இந்த ஆட்டம் வேண்டாம், பாட்டு மட்டும் போதும். தலை நின்றாலும் சின்னப் பிள்ளையைக் குலுக்கவோ மேலே தூக்கிப் போடவோ கூடாது, கழுத்தும் மூளையும் தாங்காது. பெரியவர் மண்டியிட்டு முதுகில் ஏற்றிக்கொள்ளும் ஆட்டத்துக்கு, பிள்ளை தானாக உட்கார்ந்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கை கொடுத்து நிற்க, தரையில் பாய் விரித்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஆறாம் அடிக்கு ஓட வேண்டாம், உடம்பை இரண்டு தடவை அசைத்தால் போதும்.

கதையைச் சொல்வதென்றால் நாலைந்து வயதில் தொடங்கலாம். மூன்று பொருள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கரும்புத் துண்டு, ஒரு பாசிமணி மாலை, ஒரு குச்சி. மாலையைப் பிள்ளை கழுத்தில் போட்டு அதையே அரசனாக்குங்கள். கரும்பை வாங்கித் தின்றதும் சட்டென்று மாலையையும் பறிக்க வேண்டும். முன்கூட்டியே மாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள். அவசரத்தில் பலர் மாலையை விட்டுவிட்டுக் கரும்போடு கதையை முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காவலர் பிரம்பு ஓங்கக் காரணமே இல்லை, சிலையாகும் இடமும் போய்விடும். குச்சியை ஓங்கிய பிள்ளையிடம் ‘நில்லு’ என்றதும் அது அசையாமல் நிற்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் யார் முதலில் அசைகிறார் என்று பார்க்கலாம். முடிவில் மாலையைத் திருப்பிக் கொடுக்க மறக்கக்கூடாது. கரும்பைத் திருப்பிக் கேட்டால் மட்டும், ஆனை தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம்.